சிந்தைக்கும் ஓய்வு வேண்டும்

மணிலா பயிரிடும் விழுப்புரம், திண்டிவனம் வட்டார அன்பர்கள் ஒரு விதியை நன்கு அறிவர். விதைத்த 45 நாட்களுக்குள் களையெடுத்து மண் அணைத்துவிட வேண்டும். அதன்பின் செடியடி மண்ணைக் கிளறலாகாது. பூத்தபின் விழுது மண்ணுள் இறங்கி, அங்கேதான் காயாகிறது. அக்கறை மிகுதியால் அப்பொழுதும் கொத்தினால் விழுது அறுந்து விளைச்சல் குன்றும்.

மனத்திற்கும் இவ்விதி பொருந்தும். மூட்டைகளை இன்று விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு செல்வதா, ஒரு வாரம் பொறுப்பதா என்பது விடையுள்ள வினா. விலை நிலவரம், காயின் ஈரம், கடன் தவணை நாள் ஆகியவற்றை வைத்து முடிவு செய்யலாம். ‘சென்ற வாரமே விற்றிருந்தால்?’ என்ற வினாவிற்கோ விடையே இல்லை. அதனை இரவெல்லாம் கிளறுவதால் உறக்கம் கெடுவதே மிச்சம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அவ்வெள்ளத்தில் பயிரிழந்தோர் மேகம் கூடும்போதெல்லாம் கலங்குவது இயல்பே. அவர்களிடம் ‘கவலையை விடுங்கள்’ என்று கூறுவது மட்டும் ஆறுதலாகாது. வாய்க்காலைத் தூர் வாருவதும், பயிர்க் காப்பீட்டில் காலத்தே பதிவதும் செய்ய வேண்டிய செயல்கள். அவற்றை முடித்தபின் விழித்திருந்து எண்ணுவதால் ஒரு துளி மழையும் குறையாது.

அமெரிக்க உளவியலறிஞர் சூசன் நோலன்-ஹோக்சிமாவும் அவர்தம் துணைவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு கருதத்தக்கது. முன்னரே மனச்சோர்வுற்றிருந்தோருள் ஒரு சாரார் 8 நிமிடம் தம் நிலையையே எண்ணினர், சோர்வு மிகுந்தது. மற்றொரு சாரார் அதே நேரம் புறப்பொருள்களில் கருத்தைச் செலுத்தினர்; சோர்வு தணிந்தது. சிறிது நேர விலகலுக்கும் பயனுண்டு என்பது இதனால் விளங்கும்.

இதனை நடைமுறையில் கொள்வது எவ்வாறு? நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரைமணி நேரத்தைக் கவலைக்கென ஒதுக்குக. இம்முறையை 1983-இல் போர்கோவெக் குழுவினர் சோதித்துப் பயன் கண்டனர். பிற வேளையில் எழும் கவலையை அந்நேரத்திற்கு ஒத்திவைக்கலாம். மறுநாள் செய்ய வேண்டியவற்றைப் படுக்குமுன் தாளில் எழுதிவிடுதலும் நன்று. எழுதியதை மனம் சுமக்க வேண்டுவதில்லை.

சிறுவந்தாட்டில் பட்டு நெய்வோர்க்கு இது புதிதன்று. சிக்கிய இழையை ஆத்திரத்தில் இழுத்தால் சிக்கு இறுகும். தறியை நிறுத்தி, கண்ணுக்குச் சற்று ஓய்வளித்து, பின்னர் பொறுமையுடன் பிரிப்பதே தொழிலறிவு. தறியை நிறுத்திய அந்நேரம் வீணன்று. சேலையைக் காத்த நேரம்.

எனினும், வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டால் ஓய்வு மட்டும் போதாது. அரசு மருத்துவமனையை நாடலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில், இரவிலும் பகலிலும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நோயுற்ற மாட்டிற்கு மருத்துவரை அழைக்கத் தயங்காத நாம், நம் மனத்திற்காக அழைக்க நாணுதல் தகாது.