கைப்பிடிக் குழாயும் யானைத் துதிக்கையும்

வண்டிப்பெரியாரில் சமதரை என்பது அபூர்வம். கீழே பெரியாறும் கடைவீதியும். அதை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். தோட்டத்து லயமானாலும், கோயிலானாலும், புதிதாகக் கட்டும் மாடி வீடானாலும் படி ஏறாமல் போக முடியாது. படி இருந்தால் பிடிக்க ஒரு குழாய் வேண்டும். மலையாள நண்பர்கள் அதைக் 'கைவரி' என்பார்கள்; நாம் கைப்பிடி என்கிறோம். இந்த ஊரில் முப்பத்தைந்து ஆண்டுகளாக இரும்புச் சாமான் கடை வைத்து அந்தக் குழாயை அடிக்கணக்கில் விற்று வருபவன் அடியேன். குழாயின் நுனியை ஏன் வளைக்கிறார்கள், எப்படி வளைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். "இதிலே எழுத என்ன இருக்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன், கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் தம் வீட்டு வாசற்படிக்குக் குழாய் வாங்க மகனோடு வந்தார். நுனியை வளைத்துக் கொடுக்கப் பட்டறையில் கூடுதல் கூலி கேட்டிருக்கிறார்கள். "அது வெறும் அழகுக்குத்தாங்க. நேரா வெட்டி விட்டுடச் சொல்லுங்க, காசு மிச்சம்" என்று யோசனை சொன்னவன் நான்தான். அந்த மழைக்காலத்திலேயே படி இறங்கும்போது அவருடைய முந்தானை அந்த வெட்டு நுனியில் மாட்டி இழுத்தது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. பார்க்கப் போன என்னிடம், "என் நேரங்க மொதலாளி, நீங்க என்ன செய்வீங்க" என்றார். பிற உயிருக்கு ஊறு செய்யாமையே முதல் அறம் என்று கேட்டு வளர்ந்த நயினார் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல் போதாதா? அன்றிலிருந்து எந்தப் படியைக் கண்டாலும் கைப்பிடியின் நுனியைப் பார்ப்பது என் வழக்கமாகி விட்டது.

கல்லில் சுருண்ட கை

நம் முன்னோர் இதில் கைதேர்ந்தவர்கள். கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் கட்டியது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் முன்மண்டபப் படிகளின் பக்கச் சுவரைப் பாருங்கள். யாளியின் வாயிலிருந்து புறப்படும் துதிக்கை சரிந்து இறங்கி, கீழே சுருண்டு முடியும். இதைச் 'சுருள்யாளி' என்பர். சிற்ப நூல்கள் 'ஹஸ்திஹஸ்தம்' என்று கூறும். அதாவது யானையின் கை. கேரளக் கோயில்களில் கருவறைக்கு ஏறும் சோபானப் படிகளின் இருபுறமும் இவ்வாறு சுருண்ட கல்லைக் காணலாம். இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவைப் படிகளிலோ யாளிக்குப் பதில் மகரம். அதன் வாயிலிருந்து வழிவது கைப்பிடிக் கல்லாகிறது.

வெள்ளைக்காரன் நாட்டுக் கொல்லர்களுக்கும் இதே புத்திதான். பட்டைக் கம்பியின் நுனியைச் சுருட்டி விட்டால் அதற்குக் 'குரங்கு வால்' என்று பெயர். கீழ்நோக்கி மெல்ல வளைத்து விட்டால் 'ஆட்டுக்குட்டி நாக்கு'. இங்கே துதிக்கை, அங்கே வாலும் நாக்கும்! முட்டினாலும் குத்தாத உறுப்புகளாகவே பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பட்டறையில் செய்வது எப்படி?

பட்டைக் கம்பியைச் சுருட்டுவது போலக் குழாயைச் சுருட்ட முடியாது. வளைக்கும்போது வெளிப்பக்கத் தகடு இழுபடும், உள்பக்கம் நெருங்கும். நடுவில் இருப்பது காற்று. ஆகவே குழாய் நசுங்கிப் போகும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருந்தால் நல்லது. ஒன்றேகால் இஞ்ச் பைப் என்று நாம் விற்பதன் வெளிவிட்டம் 42.4 மில்லிமீட்டர், அதற்குச் சுமார் 125 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும்.

பழைய முறை மணல் முறை. வளைவைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து கொள்வார்கள். நன்றாக வறுத்த பொடிமணலைக் குழாயில் தட்டித்தட்டி நிரப்பி, இரு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, சிவக்கக் காய்ச்சி அச்சில் வளைப்பார்கள். மணலில் ஈரம் இருந்தால் நீராவி கட்டையைத் துப்பாக்கிக் குண்டு போலத் தள்ளிவிடும், ஜாக்கிரதை! குழாயின் நீளவாட்டுத் தையல் வளைவின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ வராமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஜி.ஐ. பைப்பை அப்படியே காய்ச்சக் கூடாது; துத்தநாகப் புகை கிளம்பி, சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சல் வரும். கருப்புப் பைப்பை வளைத்துப் பிறகு பெயிண்ட் அடிப்பதே முறை.

எஸ்.எஸ். பைப்புக்கு ரெடிமேட் பெண்ட் கிடைக்கிறது. உள்ளே ஒரு துண்டைச் செருகிப் பொருத்தி, ஆர்கான் வெல்டிங் வைத்து, கிரைண்டிங், பஃபிங் செய்தால் இணைப்பே தெரியாது. நம் மழைக்கு 304 தரம் நல்லது. நிக்கல் குறைந்த 202 சீக்கிரம் துருக்கறை காட்டும். சாதா இரும்பைத் தேய்த்த சக்கரத்தை இதில் வைத்தால் அந்த இரும்புத் தூளே துருவுக்கு வித்தாகி விடும். கீழ்நோக்கிய வளைவின் அடியில் சிறு துளை ஒன்று விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இறங்கும் தண்ணீர் அங்கேயே தேங்கிக் குழாயை அரிக்கும். செலவு கட்டாதவர்கள், நுனியை ஒரு குமிழ் மூடியால் அடைத்து வெல்டிங் வைத்தாலும் போதும். வெட்டு வாய் திறந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கே முடிய வேண்டும்?

பலர் கடைசிப் படிக்கு நேராகவே குழாயை நிறுத்தி விடுகிறார்கள். அது தப்பு. கால் தரையில் ஊன்றிய பிறகும் கை பிடித்திருக்க வேண்டும். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகள், படியின் இரு முனையிலும் கைப்பிடி 300 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும் என்கின்றன. குழாயின் விட்டம் 38 முதல் 45 மில்லிமீட்டர். நம் ஒன்றேகால் இஞ்ச் பைப் இந்தக் கணக்குக்குச் சரியாக வருகிறது. அந்த நீட்சிக்குப் பிறகு நுனியைக் கீழேயோ சுவர்ப்பக்கமோ வளைத்து விட வேண்டும். கண் தெரியாதவருக்கும், பனிமூட்டத்தில் இறங்குகிற நமக்கும், அந்த வளைவு கையில் பட்டவுடனே 'படி முடிஞ்சுது' என்று தெரிந்து விடும்.

அந்த அம்மாள் வீட்டுக் குழாய்க்கு அடுத்த வாரமே என் செலவில் வளைவு போட்டுக் கொடுத்தேன். எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கைக்குப் பழைய பலம் வரவில்லை. இப்போது கைப்பிடிக்குக் குழாய் கேட்டு வருபவர் எவரையும், நுனிக்கு ஒரு பெண்டோ மூடியோ இல்லாமல் நான் அனுப்புவதில்லை. மலரைப் படிக்கும் அன்பர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் கைப்பிடியின் நுனியை ஒருமுறை தடவிப் பாருங்கள். கையைக் கீறினால், மழைக்கு முன்னே சரி செய்து விடுங்கள்.