காவிரிக் கரையின் அடிமைகள்

அடிமை முறை என்றதும் அமெரிக்கப் பருத்திக் காடுதான் நினைவுக்கு வருகிறது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினால் தாண்டுகிற காவிரியின் நன்செய் நிலங்களிலும் அது இருந்தது. 1819-இல் சென்னை வருவாய் வாரியம் விசாரித்தபோது, பள்ளர், பறையர் குடும்பங்கள் விற்கப்படுவதையும் அடகு வைக்கப்படுவதையும் கலெக்டர்கள் எழுதியனுப்பினார்கள். திருச்சி கலெக்டரும் எழுதினார். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவை விட்டுவிட்டது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டமோ, அடிமை மீது ஆண்டை கொண்டாடும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமாக, 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இங்கே நிறவெறி இல்லையே, ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். தோலின் நிறத்தைப் பார்க்கவில்லை, உண்மைதான். பிறந்த சாதியைப் பார்த்தார்கள். தாய் வயிற்றிலேயே ஒருவரின் நிலை முடிவானது இரு நாட்டிலும் ஒன்றே. பண்ணையாளை வீட்டுப் பிள்ளைபோல வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு வாதம். பிள்ளைக்கு நிலத்தில் பங்கு உண்டு. பண்ணையாளுக்கு, சட்டம் வந்த பிறகும், ஒரு குழி நிலம்கூட இல்லை. நிலமற்ற இந்த மக்களிடமிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்ட 1904-இல் அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம், தன் தலைமையகத்தைத் திருச்சியில்தான் வைத்தது.