பில்லருக்குப் பின்னால் ஒரு எக்ஸ்எல்

வண்டியும் வழியும் – 11

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ராமநாதபுரம் தாண்டியதும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். மலை கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது. உச்சிப்புளி, மண்டபம் என்று பெரும்பாலும் நேர்ரோடு. இந்த வெட்டவெளியில் எது மறைக்கப்போகிறது என்று தோன்றும். மறைக்கிற சாமான் அவர்கள் வண்டியிலேயே பொருத்தித்தான் வந்திருக்கிறது. முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் கூரையைத் தாங்கி நிற்கிறதே, டிரைவர்கள் 'பில்லர்' என்று சொல்லும் அந்தத் தூண்.

அம்பாசடர் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வண்டியில் பில்லர் ஒல்லி, கண்ணாடியும் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இன்றைய கார்களில் பில்லர் தடித்துவிட்டது, சாய்ந்தும் விட்டது. காரணம் நல்ல காரணம்தான். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்றுப்பைக்கும் மேலே இடம் வேண்டும். உள்ளே இருப்பவர் பிழைப்பதற்காகத் தடித்த பில்லர், வெளியே வருகிறவரை மறைக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2025-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஹோண்டா சிஆர்-வி காரில் டிரைவருக்கு முன்னால் பத்து மீட்டர் வட்டத்துக்குள் 1997 மாடலில் 68 சதவீத இடம் கண்ணுக்குத் தெரிந்தது. 2022 மாடலில் 28 சதவீதம்தான். பில்லரோடு உயர்ந்த பானெட்டும் பெருத்த சைடு மிர்ரரும் சேர்ந்து செய்த வேலை இது.

சரி, பில்லர் எவ்வளவு மறைக்கும்? ஐ.நா.வின் 125-ம் எண் வாகன விதி, இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது ஒரு பில்லர் 6 டிகிரிக்கு மேல் மறைக்கக் கூடாது என்கிறது. ஆறு டிகிரி அற்பமாகத் தோன்றும். இருபது மீட்டர் தள்ளி அது இரண்டு மீட்டர் அகலம். ஐம்பது மீட்டர் தள்ளி ஐந்து மீட்டர், அதாவது ஒரு கார் முழுசாக நிற்கும் இடம். ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லின் நீளம் இரண்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவு.

எக்ஸ்எல்லை வேண்டுமென்றேதான் இழுக்கிறேன். இந்தக் கடற்கரையில் மீன் கூடையும் அதில்தான் போகிறது, விறகும் தண்ணீர்க் குடமும் அதில்தான் போகின்றன. கிளைச்சாலையிலிருந்து மெயின்ரோட்டுக்கு அது வரும் வேகம் சுமாராக மணிக்கு 35 கிலோமீட்டர். நம் கார் அறுபதில் போகிறது என்று வையுங்கள். வலது பக்க பில்லர் டிரைவரின் கண்ணுக்கு நேர்க்கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி தள்ளி இருக்கும். சீட்டை எப்படிப் போட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்து ஐந்தாறு டிகிரி கூடக்குறைய வரும். வலது பக்கச் சாலையிலிருந்து செங்குத்தாக வரும் வண்டி, நம் வேகத்தில் ஐம்பத்தெட்டு சதவீத வேகத்தில் வந்தால், முக்கு வரைக்கும் அந்த 30 டிகிரியை விட்டு நகராது. அறுபதில் ஐம்பத்தெட்டு சதவீதம் எவ்வளவு? 35.

எக்ஸ்எல்லின் வேகமும் நம் பில்லரின் கோணமும் பேசிவைத்த மாதிரி பொருந்துகின்றன. முட்டுவதற்கு மூன்று விநாடிக்கு முன் நாம் முக்கிலிருந்து 50 மீட்டரில், எக்ஸ்எல்காரர் 29 மீட்டரில். ஒரு விநாடிக்கு முன் நாம் 17 மீட்டரில், அவர் பத்து மீட்டரில். இவ்வளவு நேரமும் அவர் பில்லருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்திருக்கிறார். அறுபதில் போகும் காரை நிறுத்த, யோசித்து மிதிப்பதற்குள் ஓடும் தூரத்தையும் சேர்த்து முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் வேண்டும். அதற்கப்புறம் ஸ்டேஷனில், "எங்கிருந்து வந்தான்னே தெரியல சார்" என்பார் டிரைவர். பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்காது.

இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் என்ற வனப் பகுதியில் இப்ளி கிராஸ் என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. சுற்றிலும் தாழ்ந்த புதர், நம் தனுஷ்கோடி ரோடு மாதிரி எல்லாமே தெரியும் இடம். அங்கே சில ஆண்டு இடைவெளியில் இரண்டு சைக்கிள்காரர்கள் கார் மோதி இறந்தார்கள். எல்லாம் தெரியும் இடத்தில் எப்படி என்று மண்டையைக் குடைந்துகொண்டவர்கள், சாலைகள் வெட்டிக்கொள்ளும் கோணத்தையும் இரண்டு வண்டிகளின் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டபோது வந்து நின்றது இதே பில்லர்தான்.

இதைக் கடலில் இருப்பவர்கள் நம்மைவிட முன்பே கண்டுகொண்டார்கள். எதிரே குறுக்காக வரும் படகு, நம் அணியத்தில் ஏதோ ஓர் இடத்தோடு ஒட்டினாற்போலவே தெரிகிறது, இப்படியும் நகரவில்லை அப்படியும் நகரவில்லை, ஆனால் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்றால் அது முட்டப்போகும் படகு. கப்பல்களுக்காக 1972-ல் வகுத்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 7-வது விதி சொல்வதும் இதுதான்: வரும் கலம் தெரியும் திசை மாறவில்லையென்றால் ஆபத்து உண்டென்று எடுத்துக்கொள். கடலில் அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே நெருங்குகிறது, சுக்கானைத் திருப்ப நேரம் இருக்கிறது. காரில் அதே வண்டி இரும்புக்குப் பின்னால் நின்றுகொண்டு நெருங்குகிறது. பில்லர் எல்லாரையும் ஒரே மாதிரி மறைப்பதில்லை. நம்மை முட்டாமல் தாண்டிப் போகிறவர் எப்படியும் அதிலிருந்து நழுவி வெளியே வந்துவிடுவார். கடைசிவரை ஒளிந்திருப்பவர் முட்டப்போகிறவர்தான்.

அப்படியானால் என்ன செய்வது? அவர் பில்லரை விட்டு நகரமாட்டார், நாம்தான் நகர வேண்டும். ராமநாதபுரத்தில் டிராவல்ஸ் வேன் ஓட்டும் ஒருவரோடு ஒருமுறை முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். கிளைச்சாலை சேரும் ஒவ்வொரு விலக்கு வரும்போதும் மனிதர் ஸ்டியரிங் மேல் குனிவார், நிமிர்வார், வலது பக்கம் கொஞ்சம் சாய்வார்.

"என்னண்ணே, இடுப்பு வலியா?" என்றேன்.

"அட, இல்ல தம்பி. நாம ஆடலைன்னா அவன் தெரியமாட்டான்" என்றார், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர் எந்தக் கணக்கும் போட்டதில்லை. நான் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்கும் பில்லருக்கும் இடைவெளி இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். ஆறு டிகிரி மறைப்பைத் தாண்டிப் பார்க்க, தலையைப் பக்கவாட்டில் நாலைந்து விரற்கடை நகர்த்தினால் போதும். முன்னால் குனிவதானால் அரைச் சாணுக்கு மேல் குனிய வேண்டும், ஏனென்றால் குனியும் திசையும் பில்லர் இருக்கும் திசையும் பாதிக்குப் பாதிதான் ஒத்துழைக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் செய்கிற அவர் முறைதான் சரி.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. விலக்கு நெருங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பார்வை திறக்கிறது. அறுபது ஐம்பதானதும் அந்த வேகப் பொருத்தம் கெட்டுப்போகிறது. ஒளிந்திருந்த எக்ஸ்எல் பில்லரை விட்டு முன்கண்ணாடிக்குள் நகர்ந்து வந்துவிடுகிறது. ஒரே சீரான வேகத்தில் போகிறவர்தான் ஒளிந்திருப்பவரை ஒளியவிடுகிறார். குரூஸ் கண்ட்ரோல் போட்டுக்கொண்டு இந்தச் சாலையில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

தலையைத் திருப்பிப் பார்க்கும்போதும் சட்டென்று ஒரே வீச்சாக ஓடவிடக் கூடாது. கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் மூளை படத்தை அணைத்துவிடுகிறது. தாவலுக்கு இடையில் இருந்தது பதிவாகாது. வலது, நேர், இடது என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பவருக்கு அகப்படும் பைக், விசுக்கென்று பார்ப்பவருக்கு அகப்படாது.

பில்லர் போதாதென்று நாமும் சேர்த்து மறைக்கிறோம். கண்ணாடி ஓரத்தில் ஸ்டிக்கர், நடுவில் மாலை, போன் மாட்டும் ஸ்டாண்ட், டேஷ்போர்டில் சாமி படம். சாமி மேல் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள் என்கிறேன். பக்கக் கண்ணாடிக்கு அடர்ந்த கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலிலேயே தடை செய்தது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது வாகன விதி. குற்றம் செய்கிறவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதுதான் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. விலக்கில் எதிரே வருகிறவர் ஒளிந்துபோவதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வண்டிக்கு வெளியே மறைப்பது ரோட்டோரத்துச் சீமைக்கருவேலம். இந்த மாவட்டத்தில் அது இல்லாத விலக்கைத் தேட வேண்டும். மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை வேரோடு எடுக்கச் சொன்னதும், நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்ற வாதமும், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் எதிர்வாதமும் பழைய கதை. அந்த வழக்கு எப்படியும் போகட்டும். ஒவ்வொரு விலக்கிலும் இரண்டு சாலைக்கும் நடுவே உள்ள முக்கோணத்தை மட்டும் ஐம்பது மீட்டருக்கு வெட்டி வைத்தால் என்ன? கிடையை ஓட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டும் கீதாரிக்கும் அது உயிர்ப்பிச்சை. ஆட்டு மந்தையில் முதல் ஆடு தெரிந்துவிடும். பிரச்சினை, புதருக்குள்ளிருந்து கடைசியாக ஓடிவரும் குட்டிதான்.

பாம்பன் பாலத்தில் வேறு விதமான மறைப்பு. 1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி திறந்துவைத்த அன்னை இந்திரா காந்தி பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டே லேன். அதற்கு முன் ராமேஸ்வரம் தீவுக்கு ரோடே கிடையாது. பக்கத்தில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய தூக்குப் பாலம். யார்தான் எட்டிப் பார்க்காமல் போவார்கள்? வேனை ஓரம் கட்டுகிறார்கள், கதவைத் திறக்கிறார்கள், குழந்தை இறங்குகிறது. நின்றிருக்கும் வேனுக்கு முன்னாலிருந்து வெளிவரும் குழந்தையை எந்தத் தலைச் சாய்வும் காட்டிக் கொடுக்காது. அங்கே சைக்கிள் வேகம்தான் வழி. நிறுத்துகிறவர்கள் (நிறுத்தவே கூடாது, அது வேறு) ரோட்டுப் பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகட்டும். அப்படித் திறந்தால் உடம்பு திரும்பி, கண் தானாகப் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும்.

இனி சைடு மிர்ரர். நம்மில் பெரும்பாலோர் அதில் நம் வண்டியின் பின்கதவே பாதி தெரியும்படி வைத்திருக்கிறோம். சொந்த வண்டியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் எளிய வழி ஒன்று சொன்னார். நமக்கு வலது ஸ்டியரிங் என்பதால் மாற்றிச் சொல்கிறேன். தலையை வலது ஜன்னல் கண்ணாடியில் படும்படி சாய்த்து, வலது மிர்ரரில் நம் வண்டியின் விளிம்பு கடுகளவு தெரியும் வரை வெளியே திருப்புங்கள். அடுத்து தலையை இரண்டு சீட்டுக்கும் நடுவே கொண்டுவந்து, இடது மிர்ரரையும் அப்படியே திருப்புங்கள். நேராக உட்கார்ந்ததும் இரண்டிலும் நம் வண்டி தெரியாது. முதல் நாள் ஏதோ தொலைந்தது போலிருக்கும். ஆனால் முந்திக்கொண்டு வரும் பைக், உள் மிர்ரரை விட்டு வெளியேறும்போதே சைடு மிர்ரருக்குள் வந்துவிடும். அதை விட்டு வெளியேறும்போது ஓரக்கண்ணில் பட்டுவிடும். நடுவில் காணாமல் போகிற இடைவெளி பெருமளவு அடைபடும். முழுதாக அடைபடாது. அதனால் லேன் மாறும்போது தோளுக்கு மேல் ஒரு பார்வை கட்டாயம்.

கேரளாவுக்கு மீன் ஏற்றிப்போகும் லாரிகளின் இடது பக்கம் தனி உலகம். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குக் கதவை ஒட்டி நிற்கும் பைக் தெரியவே தெரியாது. லாரியின் மிர்ரரில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அவருக்கு நீங்களும் இல்லை. ஸ்டைலுக்காகப் பைக் மிர்ரரைக் கழற்றி வீட்டில் வைக்கும் தம்பிகளிடம் இதற்கு மேல் என்ன சொல்ல?

தொழில்நுட்பம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019-ல் அமெரிக்காவில் அலைனா காஸ்லர் என்ற 14 வயதுப் பெண், காருக்கு வெளியே ஒரு கேமரா வைத்து, பில்லர் மறைக்கும் காட்சியை ஒரு புரொஜெக்டர் மூலம் பில்லர் மேலேயே விழவைத்து, 25,000 டாலர் பரிசு வாங்கினாள். அம்மாவின் காரில் பெரிய பில்லர்களைப் பார்த்து வந்த யோசனை. நம் ஊர் மினி வேனுக்கு அது எப்போது வருமோ!

அதுவரை கையில் இருப்பது ஈரத் துணி. அரிச்சல்முனை போய்விட்டுத் திரும்பும் வண்டியில் கண்ணாடி முழுக்க உப்பு படிந்திருக்கும். மிர்ரரிலும்தான். நிழலில் தெரியாது, காலையில் ராமேஸ்வரம் நோக்கியும் மாலையில் மதுரை நோக்கியும் போகும்போது சூரியன் நேரே அடிக்கும், அப்போது கண்ணாடி மொத்தமும் பால் ஊற்றினாற்போல் வெளுத்துப்போகும். வெறும் வைப்பரை ஓடவிடாதீர்கள், உப்போடு கலந்த மணல் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிறகு துணி. கையோடு மிர்ரர் இரண்டையும் துடைத்து, மேலே சொன்னபடி திருப்பியும் வைத்துவிடலாம்.

(அடுத்த வாரம்: கீழக்கரை, சாயல்குடி வழியில் இரவில் எதிரே வரும் ஹைபீம்)