எங்கள் வீட்டு ஆடிச் சப்பரம்



நான் பத்தாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. மன்னார்குடியில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணுகிறேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மூத்தவன் நாலாவது படிக்கிறான். சின்னவளுக்கு ஐந்து வயது. 2025 ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால், நம்மைப் போல இரண்டு பேருக்காவது உபயோகப்படுமே என்றுதான் இந்தக் கடிதம்.

எல்லா வீட்டிலும் இருக்கிற தொல்லைதான் எங்கள் வீட்டிலும். செல்போன்! அவர் வீடியோவில் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று வாங்கிக் கொடுத்த போன். பேசுவது என்னவோ பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் கார்ட்டூனும் கேமும்தான். சோறு ஊட்டவும் போன், அழுகையை நிறுத்தவும் போன். பழக்கிவிட்டதே நான்தான். யாரைக் குறை சொல்வது?

ஆடி பிறந்த புதிதில் ஒரு சாயந்திரம். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, இங்கே இரண்டும் போனுக்காக அடித்துக்கொண்டு உருளுகின்றன. வந்த கோபத்தில் பெரியவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்துவிட்டேன். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அடி வாங்கியவன் அழவில்லை. சின்னவள்தான் பீரோ கதவைத் தட்டித் தட்டி அழுதாள். "அப்பா அதுக்குள்ளதானே இருக்காரு... அப்பாவ ஏம்மா பூட்டுன?"

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு முத்துப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தபோது எழுபத்திரண்டு மரத்தில் மூன்றுதான் நின்றது. பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள். அதற்குப் பிறகு எங்களோடு வந்தவர், திண்ணையே கதி என்று ஆகிவிட்டார். "சாப்புடுறீங்களா மாமா?" என்றால் "ம்". அவ்வளவுதான் பேச்சு. தோப்பை என் கொழுந்தனார்தான் பார்த்துக்கொள்கிறார். மாமா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. புயலில் விழுந்த ஒரு பூவரசங்கட்டையை மட்டும் டிராக்டரில் கூடவே ஏற்றி வந்தார். "இத வெறகுக்குப் போட்டுடாத" என்று அன்றைக்குச் சொன்னார். கொல்லையில் சுவரோரமாகச் சும்மாவே கிடந்தது.

மறுநாள் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு கடை வாசலில் சப்பரத்தட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். வேறு ஊர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஆடிப்பெருக்கு அன்று பிள்ளைகள் சின்னத் தேர் ஒன்றை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போவார்கள். நாலு மரச்சக்கரம், மேலே ஒரு கூடு, சுற்றிலும் கலர் பேப்பர், உள்ளே சாமி படம். அதுதான் சப்பரத்தட்டி. என் சின்ன வயதில் தெருவே கடகடவென்று சத்தம் போடும். என் பிள்ளைகளுக்கு அது தெரியாமலே போய்விட்டது. 2019-ல் மேட்டூர் அணை திறந்ததே ஆகஸ்ட் 13-ஆம் தேதி. ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் பக்கம் ஆறு காய்ந்து கிடக்க, குழாயடியில் படைத்தோம். அடுத்த இரண்டு வருஷம் கொரோனா. அப்படியே பழக்கம் விட்டுப்போச்சு.

விலை கேட்டேன். அறுநூறு ரூபாய் என்றார் கடைக்காரர். பேசாமல் வீட்டுக்கு வந்து, மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மாமா, புள்ளைங்களுக்கு ஒரு சப்பரம் செஞ்சு தர முடியுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. சரி, அவ்வளவுதான் என்று உள்ளே போய்விட்டேன். மத்தியானம் கொல்லையில் ரம்பச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாமா அந்தப் பூவரசங்கட்டையை அறுத்துக்கொண்டு இருக்கிறார்!

கட்டையை வட்டம் வட்டமாக அறுத்து நாலு சக்கரம். துளை மட்டும் தெருமுனை ஆசாரியிடம் போட்டு வாங்கினோம். அச்சுக்கு மூங்கில். மேல்கூட்டுக்கு மூங்கில் சிம்பு. நான் மைதாப் பசை காய்ச்சினேன். சின்னவள் கலர் பேப்பரை முக்கோணமாக வெட்டி ஒட்டினாள். பாதிப் பசை அவள் தலையில். பழைய காலண்டரில் இருந்த எங்கள் ஊர் ராஜகோபால சுவாமி படத்தை வெட்டி உள்ளே வைத்தோம். கலர் பேப்பர், ஜிகினா, கயிறு, ஆணி எல்லாம் சேர்த்து நூற்றி நாற்பது ரூபாய் ஆனது.

பெரியவன் முதல் இரண்டு நாள் கிட்டேயே வரவில்லை. என் மேல் கோபம். மூன்றாம் நாள் சக்கரம் மாட்டி இழுத்துப் பார்க்கும்போதுதான் வந்தான். பங்குனித் திருவிழாவில் பெரிய தேரைப் பார்த்தவன் ஆயிற்றே, நம்ம தேரும் ஓடும் என்று ஆசையாகக் கயிற்றை இழுத்தான். நாலடி போவதற்குள் ஒரு சக்கரம் கோணி, தேர் குப்புற விழுந்தது. ஆத்திரத்தில் ஓங்கி உதைத்தான்.

நான் கையை ஓங்கிவிட்டேன். மாமா தடுத்தார். "விடும்மா" என்றவர் அவனிடம், "ஒதைச்சா ஓடாதுடா. எந்தப் பக்கம் மேடா இருக்குன்னு பாரு. அதத் தேயி" என்று உப்புத்தாளை அவன் கையில் கொடுத்தார். இரண்டு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்து தேய்த்தான். சக்கரம் கழன்று போகாமல் இருக்க அச்சு முனையில் அடிக்கும் ஆணிக்குக் கடையாணி என்று பெயர் என்பதை மாமா சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன்.

தேய்த்துக்கொண்டே பெரியவன் கேட்டான். "இது என்ன மரம் தாத்தா?"

"பூவரசு. தோப்புல வாய்க்கால் கரையில நின்னுச்சு. அதுலதான் மாடு கட்டுவேன்."

"அப்பறம் ஏன் வெட்டுனீங்க?"

"வெட்டல. விழுந்துடுச்சு." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். காற்றில் ஒவ்வொரு தென்னையாக முறிகிற சத்தத்தை இருட்டில் உட்கார்ந்து எண்ணினாராம். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லையாம். ஏழு வருஷமாகப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாததை ஒன்பது வயசுப் பயலிடம் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளியில் போகத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, மாதக் கடைசியில் அணை 120 அடி நிரம்பியும் விட்டது. பாமணியாற்றில் தண்ணீர் ஓடியது. விடிகாலையிலேயே எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் கிளறி, காப்பரிசியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சப்பரம் முன்னால் கடகடவென்று போகிறது. அண்ணனும் தங்கையும் ஆளுக்கு ஒரு பக்கம் கயிறு. எங்கள் காலத்தில் ஆம்பளைப் பிள்ளைகள்தான் இழுக்கும், நாங்கள் பின்னால் ஓடுவோம். என் மகள் இழுத்தாள்!

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருது தாத்தா?" என்று அவள் கேட்க, மாமா மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். மேட்டூரிலிருந்து காவிரியில் கல்லணைக்கு, அங்கிருந்து வெண்ணாற்றில் நீடாமங்கலத்துக்கு, அங்கே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிந்து நம்ம ஊருக்கு. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

சகோதரிகளே, ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் வரும்போது இழுப்பு வெளியே தெரியாது. படியில் பாசி வழுக்கும். பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திக்கொண்டு, ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு தலையில் தெளித்துவிட்டேன். அழுதாலும் பரவாயில்லை, இறக்காதீர்கள். பாலிதீன் பையையும் ஆற்றில் விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பீரோவில் வைத்திருந்த போனை நானே எடுத்து அவரைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் சப்பரத்தைக் காட்டினார்கள். சக்கரத்தைப் பார்த்ததும், "வாய்க்கா கரை பூவரசா அது?" என்றார். அடையாளம் தெரிந்திருக்கிறது! "அப்பாகிட்ட குடு" என்றார். அப்பாவும் பிள்ளையும் அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவன் விடாமல் பிடிவாதம் பிடித்தான். "அந்தத் தோப்பக் காட்டு தாத்தா." மாமா சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ் ஏறிப் போனோம். 2019-ல் என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து வைத்த கன்றுகளில் சிலது காய்ப்புக்கு வந்திருந்தது. மாமா ஒவ்வொரு மரமாகப் போய்த் தொட்டுப் பார்த்தார். கொழுந்தனார் இளநீர் சீவிக் கொடுக்க, சின்னவள் முகமெல்லாம் வழியவிட்டுக் குடித்தாள். மாமா வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, தென்னங்கீற்றில் அவளுக்கு ஒரு பீப்பி செய்து கொடுத்தார்.

போன் தொல்லை அடியோடு ஒழிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் ஒரு மணி நேரம் பார்க்கிறார்கள். ஆனால் நேரம் ஆனதும் திண்ணைக்கு ஓடுகிறார்கள். மழைக்காலம் முடிந்து பறவைகள் சேர்ந்ததும் தாத்தாவோடு வடுவூர் ஏரிக்குப் போய் நத்தைகுத்தி நாரை பார்க்க வேண்டும் என்று இப்போதே திட்டம் ஓடுகிறது.

உங்கள் வீட்டிலும் கொல்லையில் ஒரு கட்டை கிடக்கலாம், திண்ணையில் பேசாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் மத்தியானம் வரை பொறுத்திருங்கள்.

– ஒரு வாசகி, மன்னார்குடி.