பழுதிலே பிறந்த பெட்டி

1961 இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றில் கிற்றார் திடீரெனக் கரகரத்தது. நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்துக் கருவியொன்றின் பழுதே காரணம். அக்கரகரப்பு பலரைக் கவர்ந்தது. அதனை எழுப்பவென்றே, காலால் அழுத்தி இயக்கும் ‘ஃபஸ்’ பெட்டி 1962 இல் விற்பனைக்கு வந்தது.

அத்தகைய பெட்டியை வீட்டிலே செய்து, ஒலி எழாமையால் மனஞ்சோர்ந்த மாணவரா நீங்கள்? சோர்வை விடுங்கள். முதலில் 9 வோல்ட் பற்றரியைச் சோதியுங்கள். திரான்சிஸ்டரின் கால்கள் இடம்மாறியுள்ளனவா, ஈயப்பற்றுகள் உறுதியானவையா என நோக்குங்கள்.

பயனில்லையா? ஒலிபெருக்கியின் ஓசையைக் குறையுங்கள். அதற்குச் செல்லும் வயரின் மண்கம்பியைப் பெட்டியின் மண்கம்பியோடு இணைத்து, மற்றைக் கம்பியின் முனையில் 0.1 மைக்ரோபரட் மின்தேக்கியைப் பொருத்துங்கள். தங்கை கிற்றாரை மீட்டட்டும். மின்தேக்கியின் மறுகாலால், ஒலி நுழையும் இடத்திலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டு வாருங்கள். ஒலி எங்கே மறைகிறதோ, அங்கேதான் பழுது ஒளிந்திருக்கிறது!