நூறுக்கு நூறும் போதாத கணக்கு

தில்லிக் கல்லூரிகளில் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா? பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்லிவிடும் காலம் மலையேறிவிட்டது.

2011 ஜூனில் தில்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி வெளியிட்ட பட்டியல் நாட்டையே திகைக்க வைத்தது. பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்கள் பி.காம். ஆனர்ஸில் சேர 100 சதவீதம் எடுத்திருக்க வேண்டுமாம். அப்போதைய மனிதவள அமைச்சர் கபில் சிபலே அதிருப்தி தெரிவித்தார். பத்து வருடம் கழித்து, 2021ல், பல கல்லூரிகள் அதே நூறைக் கேட்டன. இந்த முறை நூறு வாங்கியவர்களே வரிசையில் நின்றார்கள். அவர்களில் கேரள மாணவர்கள் கணிசம்.

கல்லூரிகள் நூறு கேட்டது திமிரினால் அல்ல, பயத்தினால். கட்-ஆஃப் அறிவித்துவிட்டால் அதை எட்டிய அத்தனை பேரையும் சேர்த்தாக வேண்டும் என்பது அன்றைய விதி. இருபது இடத்துக்கு நூறு பேர் வந்தாலும் திருப்பி அனுப்ப முடியாது.

2022ல் வந்த பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) இந்தக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. புதிய குழப்பத்துக்குப் பிள்ளையார் சுழியும் போட்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் இப்போது தகுதிக்கும், இருவர் சமநிலையில் நிற்கும்போது முடிச்சவிழ்க்கவும்தான். மற்றதெல்லாம் க்யூட். சுமார் 71,000 இடங்கள், அறுபதுக்கு மேற்பட்ட கல்லூரிகள்.

வாய்ப்பை எடைபோட முதலில் பார்க்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, பாடங்களை. பொருளாதார ஆனர்ஸுக்குக் கணிதம் கட்டாயம். பள்ளியில் கணிதத்தை விட்டவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கதவு மூடியே இருக்கும். பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பல பெற்றோருக்கு இது இரண்டு வருடம் கழித்துத்தான் உறைக்கிறது. மொழித்தாள் விஷயத்தில் நமக்கு ஒரு சலுகை உண்டு: பி.காம். ஆனர்ஸ் போன்ற படிப்புகளுக்கு அது ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிளஸ் டூவில் தமிழ் படித்தவர் தமிழையே எழுதலாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி மாணவர்களுக்கு இது வசதி.

அடுத்து, போன வருடக் கணக்கு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும், எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு எந்தப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன என்பதைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. கோச்சிங் சென்டர்களின் ஆரூடத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. 2024 வரை தாளுக்கு 200 மதிப்பெண், பெரும்பாலான பாடங்களில் 50 கேள்விகளில் 40க்கு விடையளித்தால் போதும். 2025 முதல் தாளுக்கு 250, ஐம்பதும் கட்டாயம். சரிக்கு ஐந்து, தவறுக்கு ஒன்று கழிவு. ஆக பழைய 800ஐ விகிதம் போட்டு 1,000 ஆக்கிப் பார்ப்பது வீண். முதல் சுற்று எண்ணை மட்டும் பார்த்து மனம் உடைவதும் வேண்டாம். பலர் மேலே நகர்வதால் பின்சுற்றுகளில் எண் இறங்குவது வழக்கம்.

பெண்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். லேடி ஸ்ரீராம், மிராண்டா ஹவுஸ், இந்திரபிரஸ்தா, கார்கி என்று அவர்களுக்கு மட்டுமேயான பட்டியல் நீளம்.

கடைசியாக விருப்ப வரிசை. எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் எட்டும் கல்லூரியும் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கணினி அடுத்ததற்கு இறங்குகிறது. ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதலாம், ஆனால் நீளமாக எழுத வேண்டும். பத்து வரியோடு நிறுத்திக்கொள்பவர்தான் வெறுங்கையோடு நிற்கிறார். கிடைத்த இடத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு மேலே நகரக் கேட்கலாம். ஏற்காமல் விட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே.

உண்மையான நெருக்கடி காலண்டரில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் சேர்க்கை மே மாதமே சூடுபிடித்துவிடுகிறது. க்யூட் முடிவு 2025ல் ஜூலை 4 அன்று வந்தது. தில்லியின் முதல் ஒதுக்கீடு ஜூலை 19. அதற்கு முந்தைய வருடம் முடிவே ஜூலை 28தான். அதுவரை உள்ளூர்க் கல்லூரியில் பணம் கட்டி இடம் பிடித்து வைப்பதா, விடுவதா? நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. கட்டுமுன் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது: ஜூலையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?