பழங் கணினிகளும் ஏலமும்

திருக்கோணமலையில் வாழும் எமக்கு ஏலம் புதியதன்று. விடியற்காலையிற் படகுகள் கரை சேர்ந்ததும் மீனைக் குவித்து ஏலங் கூறுவதை இளமை முதற் கண்டு வருகின்றோம். அங்கே விலையை நிருணயிப்பது மீனின் புதுமை. பொழுது ஏற ஏற விலை இறங்கும். பழமையினால் விலை ஏறும் பண்டங்களும் உலகில் உள. அவற்றுட் பழங் கணினியும் ஒன்றாகிவிட்டது. அதன் ஏலத்தினால் மாணவ உலகம் பெறுவது யாது, இழப்பது யாது என்பதை இம் மலர் வாயிலாகச் சிறிது ஆராய்வாம்.

முதலில் ஒரு பாடசாலையின் கதையைக் கூறுதல் பொருத்தமாகும். அமெரிக்காவில் சியாற்றில் நகரிலுள்ள லேக்சைட் பாடசாலையின் அன்னையர் சங்கத்தினர், வீடுகளிற் கழித்த பழம்பொருள்களைத் திரட்டி விற்றுப் பணஞ் சேர்த்தனர். அப் பணத்தைக் கொண்டு 1968ஆம் ஆண்டிலே மாணவர்க்குத் தொலைத்தட்டச்சுப் பொறி ஒன்றும், தூரத்திலிருந்த பெருங் கணினியைத் தொலைபேசி வழியாகப் பயன்படுத்தும் நேரமும் கிடைத்தன. அதில் இரவு பகலாகப் பயின்ற மாணவர் இருவர் போல் அலன், பில் கேற்ஸ் என்போர். 1975ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்கள் அவர்களே. பழம்பொருள் விற்பனை ஒன்று கல்விக்கு வாயிலாய் அமைந்தமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

போல் அலன் தாம் கற்ற கருவிகளை மறந்தாரல்லர். முதுமையெய்திய கணினிகளைத் தேடிச் சேர்த்துப் பழுது நீக்கி, 2012ஆம் ஆண்டிலே சியாற்றிலில் ஓர் அரும்பொருட்சாலையைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். ஏனைய அரும்பொருட்சாலைகளில் 'தொடாதீர்' என்ற பலகை தொங்கும். அங்கேயோ வந்தவர் அமர்ந்து விசைகளைத் தட்டிப் பார்க்கலாம். அப் பொறிகள் உயிருடன் இயங்கின. அலன் 2018ஆம் ஆண்டு காலமானார். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட அச்சாலை மீளத் திறக்கப்படவில்லை. 2024ஆம் ஆண்டிலே தொகுதியின் பல பொருள்கள் கிறிஸ்ரீஸ் ஏல நிறுவனத்தின் வாயிலாக விற்கப்பட்டன. விற்று வந்த பணம் அறப்பணிகளுக்கு உரியது என அறிவிக்கப்பட்டது.

இத்தகைய ஏலத்தில் விலை எவ்வாறு எழுகின்றது? மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது அருமை, இரண்டாவது உறுப்புகள் மாற்றப்படாத முதல் நிலை, மூன்றாவது, பொருள் எவரிடமிருந்து எவரிடஞ் சென்றது என்னும் வழிவரலாறு. அப்பிள்–1 என்னும் கணினி 1976ஆம் ஆண்டில் ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்டு, ஒன்று 666 டொலர் 66 சதத்துக்கு விற்கப்பட்டது. ஸ்டீவ் ஜொப்ஸின் அலுவலகத்தில் இருந்தது எனக் கூறப்பட்ட ஒன்று 2024ஆம் ஆண்டு ஏலத்தில் 9,45,000 டொலருக்குப் போயிற்று. மூன்று காரணங்களும் ஒருங்கே அமைந்தமையின் விளைவு இது.

வழிவரலாற்றின் வலிமைக்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோணேசர் மலையடியிற் கடலுள் மூழ்கிக் கோயிற் சிதைவுகளைக் கண்டு எழுதிய ஆதர் சி. கிளார்க், 1983ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து கேப்ரோ என்னும் சிறு கணினி வாயிலாக, '2010' என்ற திரைப்படத்தின் நெறியாளரான பீற்றர் ஹயம்ஸுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அவ்வகைக் கணினிகள் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டவை. இலங்கையிலிருந்து கடல் கடந்து கதை பேசியது என்ற வரலாறே அவருடைய கணினியை மற்றையவற்றினின்றும் வேறுபடுத்துகின்றது. வரலாற்றை எழுதிவையாவிடின் அதுவும் பழைய இரும்பே.

ஏலம் தீதென்பது எமது கருத்தன்று. அன்னையர் நடத்திய விற்பனை மாணவர் கைக்கு ஒரு கருவியைக் கொடுத்தது. பிந்திய ஏலமோ மாணவர் கைதொட்டுப் பயின்ற தொகுதியைச் சிதறச் செய்தது. பெருஞ் செல்வரது சேகரமும் அவர் காலத்தின்பின் ஒன்றாய் நிலைக்கவில்லை. பொருளைச் சேர்த்தல் ஒன்று. அதை நடத்தும் ஏற்பாட்டை நிலைநிறுத்தல் வேறொன்று. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

நம் போன்ற கல்லூரிகளிலும் பழங் கணினிகள் களஞ்சிய அறையிற் கிடத்தல் இயல்பு. அரசாங்கப் பாடசாலையின் பொருளை எவரும் தாமாக விற்றலாகாது; ஆண்டுக் கணக்கெடுப்பின்போது உரிய குழு ஆராய்ந்து கழித்த பின்னரே அது ஏலத்துக்குச் செல்லும். அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கவை சில உள. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் காட்சிக்கென நிறுத்திவைக்க அனுமதி கோரலாம். அது வந்த ஆண்டு, தந்தவர், பயன்பட்ட வகுப்பு என்பவற்றை ஏட்டிற் பதிதல் வேண்டும். விற்கப்படுவனவற்றினின்றும் மாணவர் விவரங்களை முற்றாக அழித்தல் கடமையாகும்.

வைத்துக்கொள்வனவற்றைப் பேணுதலும் எளிதன்று. பழங் கணினிகளின் தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் நாட்பட்டுக் கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். ஆதலின் அதனை முதலிலேயே கழற்றிவிடல் நன்று. மின்தேக்கிகள் உலர்ந்து கெடுவதுமுண்டு. நெடுநாட் கிடந்த பொறிக்குத் திடீரென மின்சாரம் பாய்ச்சுதல் ஆபத்தானது. துறைமுகத்தை அடுத்த எமதூரில் உப்புக்காற்றும் ஈரமும் உலோகத் தொடுமுனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையும், ஆண்டுதோறும் திறந்து பார்க்கும் ஓர் ஆசிரியரும் மாணவர் சிலரும் இருப்பின் இவ் இடர்களிற் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தாய்க் கல்லூரிக்குக் கருவி வழங்க எண்ணுவோர், கருவியோடு எழுத்தையும் வழங்குக. இஃது எதற்கு, எவர் பொறுப்பில், பயன் தீர்ந்தபின் யாது செய்யத்தக்கது என்பவற்றை ஒரு தாளிற் பொறித்துக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பராமரிப்புக்கெனச் சிறு தொகையையும் ஒதுக்குங்கள். அங்ஙனம் செய்யின், பின்னாளில் எவரேனும் ஏலங் கூற நேரினும் எதை விற்கலாம், எதை விற்றலாகாது என அறிந்து கூறுவர். கற்ற கருவியைக் கற்கும் கைக்கே விட்டுச்செல்வோமாக.